அவனுடைய கதையை அவனிடம் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பிறவியிலேயே இருந்த உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் (வாயின் மேற்கூரையில் உள்ள பிளவு) கைக்குழந்தையாக இருந்தபோதே சத்திரசிகிச்சையால் சரிசெய்யப்பட்டன. இவ்வருடம் தரம் 1 இல் சேர்ந்தவன், பிள்ளைகள் தன்னைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று பாடசாலைக்குப் போக மறுக்கிறான். கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதால் வந்த வினை என்று மாமியார் இன்றும் சொல்கிறார். உதட்டுத் தழும்பைப் பற்றி அவன் கேட்டால், சிறுவயதில் விழுந்துவிட்டாய் என்று சொல்லிச் சமாளிக்கிறோம். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், தலவாக்கலை

பதில்: சகோதரி, கரு உருவாகி 4 முதல் 7 வாரங்களுக்குள் மேலுதட்டின் பகுதிகளும், 9 ஆம் வாரமளவில் அண்ணமும் ஒன்றுசேர வேண்டும். பரம்பரையும் வேறு காரணங்களும் கூடி அதைத் தடுக்கும்போதே பிளவு உண்டாகிறது. கிரகணத்துக்கும் கத்திக்கும் இதில் பங்கில்லை. மாமியாரோடு வாதாடாமல், அடுத்த கிளினிக்குக்கு அவரையும் அழைத்துச் சென்று வைத்தியரின் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது அந்த விழுந்த கதைதான். தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரிந்தது அவனுக்கு மட்டும் தெரியவில்லை. நாளை வேறொருவர் சொல்லித் தெரியவரும்போது, பெற்றவர்களே மறைக்குமளவுக்குத் தன்னிடம் ஏதோ வெட்கக்கேடு இருக்கிறதென்றே அவன் நினைப்பான். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த படம் இருந்தால், அவனை மடியில் இருத்திக் காட்டி, "நீ வயிற்றில் இருக்கும்போது உன் உதடு ஒட்டவில்லை, டொக்டர் தைத்துவிட்டார்" என்று சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைகளுக்கு அதையே தானும் தயங்காமல் சொல்ல அவனைப் பழக்குங்கள்.

ப, ட, க போன்ற ஒலிகளுக்குக் காற்று வாய்க்குள் அடைபட வேண்டும். தைத்த பின்னும் அண்ணம் சரியாக மூடாவிட்டால் காற்று மூக்கால் கசிந்து, அவன் 'அப்பா' என்பது 'அம்மா' போலக் கேட்கும். "ஒழுங்காகச் சொல்" என்று அதட்டுவதால் அது திருந்தாது. பேச்சுச் சிகிச்சை வேண்டும். சிலருக்கு இன்னொரு சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். இப்பிள்ளைகளுக்குக் காதில் நீர் கோத்துக் கேள்வி மந்தமாவது அதிகம் என்பதால் காதையும் பரிசோதியுங்கள். கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பதை அறிவேன், ஆனாலும் தவறவிடாதீர்கள்.

வகுப்பாசிரியரை அவன் இல்லாத நேரத்தில் சந்தித்து விடயத்தை விளக்கி, முன்வரிசையில் இருத்தும்படியும், போலப் பேசிக் காட்டுவதை அந்த இடத்திலேயே நிறுத்தும்படியும் கேளுங்கள்.

ஆறிவிட்டதாக எண்ணிய துக்கம் பிள்ளை பாடசாலை சேரும் காலத்தில் திரும்பவும் தலைதூக்குவது பல தாய்மாருக்கு நேர்வதே. அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உங்களுக்காகவும் உதவி கேளுங்கள்.