அமைப்பா, செயலா? ஒப்பீட்டுக் கேள்வியை எழுதும் முறை

கேள்வி: முதுநிலைச் சமூகவியல் படிக்கிறேன். ‘அமைப்புக் கோட்பாடுகளையும் சமூகச் செயல் கோட்பாடுகளையும் ஒப்பிடுக’ என்ற கேள்விக்கு, நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் வேறுபாடுகளை எழுதுகிறேன். பாதி மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. மார்க்ஸையும் வெபரையும் எந்தப் பக்கம் வைப்பது என்பதிலும் குழப்பம். எப்படி எழுதுவது?

பதில்: முதலில் அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். சமூகத்தின் அமைப்பே மனிதர்களின் நடத்தையை வடிவமைக்கிறது என்பவை அமைப்புக் கோட்பாடுகள். மனிதர்கள் தங்கள் செயலுக்குத் தரும் அர்த்தத்திலிருந்து தொடங்குபவை செயல் கோட்பாடுகள். ‘அது பேரளவு, இது சிற்றளவு’ என்று எதிரெதிரே எழுதினால், உங்களுக்கு இரண்டு வரையறைகள் தெரியும் என்பது மட்டுமே திருத்துபவருக்குப் புலப்படும். ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு, இரு தரப்பும் அதை எப்படி விளக்கும் என்று காட்டினால்தான் அது ஒப்பீடு.

இதற்குத் துறைக்குள்ளேயே அதிகம் அலசப்பட்ட விஷயம் ஒன்று உண்டு: தற்கொலை விகிதம். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-இல் தற்கொலை பற்றி வெளியிட்ட நூல் தனிமனிதரின் மனத்தைத் துருவவில்லை. இறப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு ஆட்கள். ஆனாலும் ஒரு சமூகத்தின் விகிதம் பெரிதாக அசைவதில்லை. சமூகத்துக்குச் சமூகம்தான் மாறுகிறது. அப்படியென்றால் காரணத்தை ஆட்களிடம் தேடிப் பயனில்லை, சமூகம் அவர்களை எவ்வளவு இறுக்கமாகப் பிணைத்திருக்கிறது என்பதில் தேட வேண்டும் என்றார். கத்தோலிக்கர்களைவிடப் புராட்டஸ்டண்டுகளிடம் விகிதம் அதிகமாக இருந்ததற்கும் இதையே காரணமாகச் சொன்னார். அமைப்புத் தரப்பின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாதமே போதும்.

எதிர்த்தரப்பு அந்த எண்ணிலேயே கை வைக்கிறது. சமூகவியலாளர் மேக்ஸ்வெல் அட்கின்சன் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், மரண விசாரணை அதிகாரிகள் எப்படி முடிவுக்கு வருகிறார்கள் என்று பார்த்தார். கடிதம் இருந்ததா, எப்படி, எங்கே இறந்தார், அதற்குமுன் வாழ்க்கை எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்று விசாரிக்கிறார்கள். ‘தற்கொலை என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. அதோடு பொருந்தினால் அப்படியே பதிகிறார்கள். எனவே துர்கைம் கையில் இருந்த விகிதம், ஆட்களுக்கு வெளியே நின்று அவர்களைக் கட்டுப்படுத்தும் ‘சமூக உண்மை’யா, அதிகாரிகள் மரணங்களுக்குக் கொடுத்த அர்த்தங்களின் கூட்டுத்தொகையா? கூர்மையான கேள்விதான். ஆனால், அத்தனை அதிகாரிகளும் ஏன் ஒரே சித்திரத்தை வைத்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சித்திரமும் சமூகம் தந்ததுதானே என்று துர்கைம் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுவார். இந்த இடம்வரை எழுதிவிட்டால் பாதி மதிப்பெண்ணில் நிற்க மாட்டீர்கள்.

‘சமூகச் செயல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். மனிதர் செய்வதெல்லாம் அதில் சேராது. மழை வந்ததும் தெருவில் எல்லாரும் குடை விரிக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் விரிக்கவில்லை, மழையைப் பார்த்து விரிக்கிறார்கள். செயல் தரப்பின் முன்னோடியான மேக்ஸ் வெபர் இதைச் சமூகச் செயலாக எண்ணவில்லை. இரண்டு சைக்கிள்கள் மோதிக்கொள்வதும் அவருக்கு வெறும் நிகழ்ச்சிதான். மோதாமல் இருக்க ஒருவர் ஒதுங்குவதும், மோதியபின் திட்டிக்கொள்வதும் சமூகச் செயல். அங்கே எதிராளி கணக்கில் வந்துவிட்டார்.

இனி, யாரை எந்தப் பக்கம் வைப்பது? மார்க்ஸ் அமைப்புப் பக்கம், வெபர் செயல் பக்கம் என்று தொடங்கலாம், தவறில்லை. அத்தோடு விட்டுவிடாதீர்கள். மனிதர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே படைக்கிறார்கள், ஆனால் தாங்கள் தேர்ந்துகொண்ட சூழலில் அல்ல என்ற பொருளில் 1852-இல் எழுதியவர் மார்க்ஸ். புராட்டஸ்டண்ட் அறம் பற்றிய நூலில் தங்களுக்கு மீட்பு உண்டா என்ற விசுவாசிகளின் மனக்கவலையிலிருந்து தொடங்கும் வெபரோ, அவர்கள் விரும்பி ஏற்ற உழைப்பு ஒழுங்கு பின்னால் வந்தவர்களுக்குத் தப்ப முடியாத கூண்டாகிவிட்டது என்று முடிக்கிறார். இதைவிட அமைப்புத்தனமான வாதம் எது?

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘அமைப்பியல்’ என்று எழுதினால், இலக்கிய விமர்சனம் படித்தவருக்கு மானுடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் நினைவுக்கு வருவார். அது வேறு கதை. ‘அமைப்புக் கோட்பாடுகள்’ என்றே எழுதுங்கள்.

இரு தரப்பையும் இணைக்க முயன்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் அந்தோணி கிடன்ஸை முதல் பத்தியிலேயே இழுத்து வராதீர்கள். அமைப்பு செயலைக் கட்டுப்படுத்துகிறது, அதே அமைப்பு செயலால்தான் நாள்தோறும் மறுபடி உருவாகிறது என்பது 1984-இல் அவர் நூலாக விரித்துச் சொன்ன யோசனை. அதிகாரிகளின் மனச்சித்திரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எழுப்பிய பிறகு அவரைக் கொண்டுவந்தால், அதற்குப் பதிலாக அவர் பொருந்துவார். முன்பே வந்தால் வெறும் பெயராக நிற்பார்.