ராணுவத்தில் நீண்ட காலம் பணியாற்றிய ஒருவரின் பிள்ளையாக வளர்ந்தது எப்படி இருந்தது? உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். ஆனால் துப்பாக்கிக் கதை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. என் அப்பா சாப்பர். ராணுவத்தின் பொறியியல் பிரிவில் இருப்பவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பிரிவில் மூன்று குழுக்கள் உண்டு: பெங்களூரில் மெட்ராஸ், ரூர்க்கியில் பெங்கால், புனே பக்கம் கிர்க்கியில் பாம்பே. அப்பா இருந்தது 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் குழுவில். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு 1975-இல் சேர்ந்தார், 2003-இல் சுபேதாராக வெளியே வந்தார். இன்ஜினியர் என்றால் பட்டம் வாங்கியவர் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். அப்பா திருத்தவும் மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்.

நாங்கள் குன்னூர்க்காரர்கள். அதனால் "வெலிங்டன்லதானே, எம்.ஆர்.சி.ல?" என்று கேட்காத ஆள் கிடையாது. எம்.ஆர்.சி. என்பது மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம், காலாட்படை. பக்கத்திலேயே அவ்வளவு பெரிய ராணுவ ஊர் இருந்தும் அப்பாவுக்கு ஒருமுறைகூட அங்கே போஸ்டிங் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அதில் இன்றைக்கும் ஆதங்கம்தான்.

சின்ன வயதில் அப்பா என்றால் எனக்கு ஒரு முகவரி. பெயர், நம்பர், யூனிட், அப்புறம் '56 ஏ.பி.ஓ.', அதாவது ராணுவத் தபால் நிலையத்தின் எண். வடக்கே எந்த மலையில் இருந்தாலும் அதே எண்தான். கிழக்கே மாற்றினால் 99. படை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இதை அறியாமல் நான் பள்ளி அட்லஸில் ஏ.பி.ஓ. என்ற ஊரைத் தேடியிருக்கிறேன். கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரி, மிச்சமெல்லாம் கணக்கு. எனக்குக் கணக்கு வராது என்று அம்மா எழுதிவிட்டாள் போல. இன்லேண்டின் மடிப்பில்கூட இடம் விடாமல் ஐந்து கணக்கு எழுதுவார். நான் போட்டு அனுப்ப வேண்டும், அவர் திருத்தி அனுப்புவார். திருத்தம் வந்து சேர்வதற்குள் பரீட்சையே முடிந்திருக்கும். அப்போதும் விடமாட்டார், "மூன்றாவது கணக்கைத் திரும்பப் போடு" என்று வரும்.

அவருடைய உயிர் பெய்லி பாலத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. பத்தடி நீள இரும்புச் சட்டங்கள், பேனல் என்பார்கள். ஒன்று ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்தால் கையாலேயே தூக்கிவிடலாம். பேனலோடு பேனலைப் பின் அடித்துக் கோத்து, உருளைகள்மேல் வைத்து, இக்கரையிலிருந்தே அக்கரைக்குத் தள்ளுவார்கள். முன்னால் லேசான மூக்கு ஒன்று நீண்டிருக்கும், பின்பக்கம் கனமாக இருக்கும், அதனால் ஆற்றுக்குள் கவிழாது. லீவில் வந்தால் சாப்பாட்டு மேசை விளிம்பில் ஸ்கேலை வைத்து, வாலில் உப்பு ஜாடியை ஏற்றி, தள்ளித் தள்ளிக் காட்டுவார். அம்மா ஜாடியைக் கேட்டுக் கத்திக்கொண்டிருப்பாள்.

"நாங்க போட்ட பாலத்துல நாங்க போறது கம்மி. வண்டி போக ஆரம்பிச்சதும் எங்களை அடுத்த ஆத்துக்கு அனுப்பிடுவாங்க" என்பார். யோசித்துப் பார்த்தால் வீட்டிலும் அவர் செய்தது அதுதான். தான் இல்லாதபோது எது பழுதாகும் என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்துவிட்டு ரயில் ஏறுவார். ஒரு வருடாந்திர லீவு முழுக்க வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் கட்டினார். ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறு முனையை மேட்டில் அவர் பிடித்துக்கொள்வார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை அசையக் கூடாது. மூக்கு அரித்தாலும் அசையக் கூடாது. கொத்தனார் சுவரை ஓட்டையே இல்லாமல் பூச வந்தபோது பெரிய சண்டை. சுவருக்குப் பின்னால் உடைகல் அடைத்து, தண்ணீர் வெளியேற வரிசையாகக் குழாய்த் துண்டுகள் பதிக்க வேண்டும் என்றார் அப்பா. மலையில் சுவரைத் தள்ளுவது மண் மட்டுமல்ல, மண்ணுக்குள் நிற்கும் தண்ணீரும்தான் என்பது அவர் வாதம். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் தெருவிலேயே சில சுவர்கள் படுத்துவிட்டன. எங்கள் சுவரின் குழாய்களில் செம்மண் தண்ணீர் பீய்ச்சியடித்தது, சுவர் நின்றது. அந்த ஒரு வாரம் அப்பாவின் பேச்சைத் தாங்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் பேசாத விஷயமும் ஒன்று உண்டு. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை நெடுக ராணுவத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அப்போது கண்ணிவெடி புதைத்தது சாப்பர்கள்தான். மறு வருடம் தோண்டி எடுத்ததும் அவர்கள்தான். ராஜஸ்தான் மணல் நகரும், புதைத்த இடத்துக்கும் வரைபடத்துக்கும் பொருந்தாது. இவ்வளவுதான் சொன்னார். ஓய்வு பெற்று வந்த புதிதில் டீத்தோட்டத்துக் குறுக்கு வழியில் எங்களை முன்னால் நடக்க விடமாட்டார். ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

தியாகி, மாவீரர் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. வருடத்தில் பத்து மாதம் வீட்டை இழுத்தது அம்மா. பிரசவம், காய்ச்சல், பள்ளிக்கூடம், நியாய விலைக்கடை, எல்லாம் அவள்தான். அது அப்பாவுக்கும் தெரியும். கேன்டீன் சரக்குக்காகத் தேடி வந்த சொந்தக்காரர்களிடம்கூட "சர்வீஸ் பண்ணது அவ, அவகிட்ட கேளு" என்பார். அவள் கொடுக்க மாட்டாள் என்பதும் தெரிந்துதான்.

2024-இல் வயநாட்டில் சூரல்மலை நிலச்சரிவு. கூடலூரைத் தாண்டினால் வயநாடுதானே, எங்களுக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி. அவருடைய மெட்ராஸ் குழுவே வந்து ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்குள் 190 அடிப் பாலத்தை முடித்தது. அப்பா டிவி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேனல்களை எண்ணினார். பத்தொன்பது வர வேண்டும், கேமராவை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று செய்திக்காரர்களைத் திட்டினார்.

மறு வருடம் போய்விட்டார். எங்கள் வீட்டுக்கு வண்டி வராது, படிகள்தான். கீழே சாலைவரை தூக்கிப்போக அவருடைய பழைய சகாக்கள் வந்தார்கள், எல்லோருக்கும் எழுபது வயதுக்குப் பக்கம். நான்கு பேர் போதும் என்று உறவினர்கள் சொல்ல, ஆறு பேர் என்று அவர்கள் அடம்பிடித்தார்கள். படிக்குப் படி ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார்.

காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால், ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பென்ஷன் ஆர்டர், டிஸ்சார்ஜ் புத்தகம், கூட்டுக் கணக்குப் பாஸ்புக். பணிப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் ஓர் எழுத்து மாறி இருந்திருக்கிறது. அதனால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோய் அலைபவர்கள் நிறைய. அவர் எப்போதோ எழுதிப் போட்டு, திருத்திய நகலையும் வாங்கி வைத்திருந்தார். மேலே ஒரு தாளில் எதை முதலில் கொடுக்க வேண்டும், எதை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று வரிசை. ஐப்பசிக்கு முன் சுவர்க் குழாய்களைக் குத்திவிடச் சொல்லி அதே தாளில் கடைசி வரி.

அம்மாவுக்குப் பென்ஷன் சிக்கலில்லாமல் வருகிறது. போன வாரம் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இருந்தப்ப வருஷத்துக்கு ஒருதரம்தான் வந்தாரு. இப்பதான் மாசாமாசம் தேதி தவறாம வர்றாரு."