செருப்பும் அம்மிக்கல்லும்

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வரும் 'தி இன்னர் லைட்' எபிசோடைக் கல்லூரி நாட்களில் கேபிளில் பார்த்துவிட்டு இரவு முழுக்கத் தூங்கவில்லை. போன வாரம் மகனை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். பத்தாவது நிமிஷம் எழுந்து போய்விட்டான். எனக்கும் அட்டை செட்டும், மாவு அப்பிய கிழவர் வேஷமும்தான் கண்ணில் பட்டன. முடிவு தெரிந்த கதையை மறுபடி பார்ப்பது வீண் வேலைதானே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாம்பன்

பதில்: மாவு அப்பியிருப்பது உண்மை. 1992 ஜூனில் வந்த எபிசோட். அந்தக் காலத்து டிவி கிழவர்கள் எல்லோருக்கும் அதே கதிதான். செட்டும் செட் மாதிரிதான் இருக்கிறது. அதோடு உங்கள் கட்சியில் நான் சேர்ந்தது போதும்.

பார்க்காதவர்களுக்குக் கதை. விண்வெளியில் போய்க்கொண்டிருக்கும் கேப்டன் பிக்கார்டின் கப்பலுக்கு எதிரே ஆளில்லாத பழைய கலம் ஒன்று வருகிறது. அதிலிருந்து பாய்ந்த கதிர் பட்டு அவர் சுருண்டு விழுகிறார். கண் விழித்தால் கட்டான் என்ற கிரகத்தில், ரெஸிக் என்ற கிராமம். அவர் பெயர் காமின் என்கிறார்கள். எலைன் என்று ஒரு மனைவி இருக்கிறாள். 'நான் கப்பல் கேப்டன்' என்று சொன்னால், காய்ச்சலில் பிதற்றுகிறார் என்கிறார்கள். ஐந்து வருஷம் ஆகியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர், பிறகு அந்த ஊர்க்காரராகவே ஆகிவிடுகிறார். புல்லாங்குழல் கற்கிறார், இரண்டு பிள்ளைகள், பேரன், நரை. ஊரோ வருஷத்துக்கு வருஷம் காய்ந்துகொண்டே போகிறது. அவர்களுடைய சூரியனே அவர்களை எரிக்கப்போகிறது. தள்ளாத வயதில் ஒரு ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கிறார். தன்னைக் கண்டுபிடித்த அந்தக் கலம்தான் அது என்று அப்போது புரிகிறது. கப்பலில் கண் திறந்தால் இருபத்தைந்து நிமிஷம்தான் கழிந்திருக்கிறது. அந்த ஊர் அழிந்து ஆயிரம் வருஷம். இந்த எபிசோட் 1993-ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது.

முடிவு தெரிந்துவிட்டது, சரி. முதல் தடவை என்ன செய்தீர்கள்? 'எப்போது தப்பிப்பார்' என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான். எலைன் 'செருப்பை எடுத்து வையுங்கள்' என்று முணுமுணுப்பது அப்போது காதில் விழவே இல்லை. எந்த வீட்டில்தான் அதைச் சொல்லவில்லை? சாகக் கிடக்கும்போதும் அதையே ஞாபகப்படுத்துகிறாள். இரண்டாம் தடவை பார்த்தபோது அங்கே ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டேன். இந்த ஊரும் மனைவியும் நண்பரும், அழியப்போகிறவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கலத்தில் நினைவுகளாக ஏற்றி அனுப்பியவை. ராஜா, போர், சாமி, எதை வேண்டுமானாலும் ஏற்றியிருக்கலாம். ஏதோ ஒரு கட்டான்காரர், 'செருப்புச் சண்டையையும் போடுங்கள்' என்று சொல்லியிருக்கிறார். முடிவு தெரியாமல் பார்ப்பவருக்கு இந்த ஆளைப் பிடிக்கவே முடியாது.

இன்னொன்று. மண்ணை அள்ளிப் பார்த்து, மழை இனி வராது, ஊரே அழியப்போகிறது என்று காமின் அதிகாரியிடம் போய்ச் சொல்கிறார். மேலிடத்துக்கு முன்பே தெரியும், ஜனங்கள் பீதியடைவார்கள், வாயை மூடிக்கொண்டிரு என்கிறார் அதிகாரி. மாற்றலாகி வருகிறவர்கள் 'தண்ணியில்லாக் காடு' என்று முகம் சுளிக்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, இந்தக் காட்சியைத் தாண்டி அட்டை செட்டைப் பார்த்திருக்கிறீர்கள். நல்ல கண்.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், தனுஷ்கோடிக்கு. முதல் தடவை நான் போனபோது, அதன் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு ரோடு கிடையாது. இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் சங்குமாலை விற்கும் அம்மா, 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் ஊரை அழித்ததைச் சொன்னார். நான் கதையில் ரயில் வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன்: 653-ம் எண் பாசஞ்சர், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், அலை அடித்துக்கொண்டு போன தண்டவாளம். நடுவில் அவர், "எங்க அப்பத்தா சாகுற மட்டும் அம்மியக் கேட்டுச்சு சார். யாராச்சும் அங்கிட்டுப் போனா, அம்மி கெடந்தா தூக்கியாங்கன்னு சொல்லும்" என்றார். ஆடிக் காற்றில் அம்மி பறந்த கதை தெரியும், மார்கழியிலுமா என்று கேட்டேன். அசட்டுத்தனம். அவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

ரோடு வந்தபிறகு, 2017-க்கு அப்புறம் மறுபடி போனேன். அதே கடை, அதே கதை, ஏறக்குறைய அதே வார்த்தைகள். இந்தத் தடவை ரயில் வந்துபோனதைக் கவனிக்கவில்லை. அப்பத்தா எந்த இடத்தில் வருவார் என்று காத்திருந்தேன். அம்மி என்றதும் அந்த அம்மாவின் வலது கை தானாக முன்னும் பின்னும் போய்வந்தது, குழவி இருப்பது போல. முதல் தடவையும் போயிருக்கும். ரயிலில் இருந்த எனக்கு அது எங்கே தெரிந்தது? கடைக்குப் பின்னால் மணலில் முழங்கை ஆழம் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு சிறுமி சிரட்டையால் நல்ல தண்ணீர் மொண்டு குடத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் கடல்.

அந்த எபிசோடின்மேல் குறை சொல்லியே ஆகவேண்டும் என்றால் அட்டையை விட்டுவிடுங்கள், பெரிய குறை இருக்கிறது. ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து, பெண்டாட்டியைப் புதைத்து, பேரனைக் கொஞ்சிவிட்டு வந்த மனுஷர், அடுத்த எபிசோடில் ஒன்றுமே நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறார். 178 எபிசோட் ஓடிய தொடர். துக்கம் விசாரிக்க ஒரு வாரம் ஒதுக்கக்கூடாதா? அடுத்த வருஷம் 'லெஸன்ஸ்' எபிசோடில் அந்தப் புல்லாங்குழலை எடுத்து ஒரு பெண்மணியோடு சேர்ந்து வாசிக்கிறார், அந்த ஊரைப் பற்றியும் சொல்கிறார். அதற்குள் நமக்கு ஆறிப்போய்விடுகிறது. இதை எழுதிக் கேட்டிருந்தால் உங்கள் கடிதத்துக்கு முதல் பரிசு கொடுத்திருப்பேன்.

மகனை இழுத்துப் பிடித்து உட்காரவைக்காதீர்கள். ஆன்ட்டெனாவைத் திருப்பினால் தூர்தர்ஷனைவிட இலங்கையின் ரூபவாஹினி பளிச்சென்று தெரிந்த கரை உங்களுடையது. அந்த நாளில் உங்கள் அப்பா ரசித்துப் பார்த்த எதை நீங்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்த்தீர்கள்?

கடைசியாக ஒரு சந்தேகம். கலத்துக்குள் இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார்கள். திறந்தால் புல்லாங்குழல். ஜன்னல் ஓரம் நின்று, ஒரு தடவைகூடத் தொட்டிராத குழலை, பல வருஷம் வாசித்த கையோடு வாசிக்கிறார். வசனமே கிடையாது. நாலு பத்தி எழுதி நாங்கள் சுருக்கிப் போட்ட உங்கள் கடிதத்தில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓட்டிவிட்டீர்களோ?