பேனரில் இல்லாத முகங்கள்

கேள்வி: எங்கள் தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நாறுகிறது. எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடையாய் நடந்தும் பலனில்லை. நீங்களோ, தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார், நியமிக்கப்பட்டவர் யார் என்று மக்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். தெரிந்து என்ன ஆகப்போகிறது? யார் வந்தாலும் ஒன்றுதானே?
- ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், வாய்க்காலுக்கு ஏன் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனீர்கள்? லாஸ்பேட்டை புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. அதன் ஆணையர் யார் என்று கேட்டால் உங்கள் தெருவில் எத்தனை பேர் சொல்வார்கள்? எம்.எல்.ஏ.வின் பிறந்தநாள் எல்லோருக்கும் தெரியும், பேனர் வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஆணையருக்கு யாரும் பேனர் வைப்பதில்லை. வேலைக்கான உத்தரவில் கையெழுத்துப் போடுவது என்னவோ அவர்தான்.

உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கடலூருக்குப் போனால் மாநகராட்சியில் 45 வார்டு, 45 கவுன்சிலர். 2022 பிப்ரவரியில் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். வாய்க்கால் நாறினால் போய்த் தட்ட அவரவர் வார்டில் ஒரு கதவு இருந்தது. (அந்த மாவட்டத்துக் கிராமங்களின் கதை வேறு. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.) புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல். அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் அதிகாரிகள் ராஜ்யம்தான். உங்கள் விரலில் மை வைத்ததெல்லாம் எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் மட்டுமே. கவுன்சிலர் இல்லாத ஊரில் எம்.எல்.ஏ.வே கவுன்சிலர் ஆகிவிடுகிறார். சட்டசபையில் பட்ஜெட்டைக் கேள்வி கேட்க அனுப்பியவரைச் சாக்கடைக்கு ஆள் அனுப்பச் சொல்கிறோம். அவருக்கும் அது வசதிதான், பட்ஜெட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லையே!

'யார் வந்தாலும் ஒன்றுதான்' என்கிறீர்கள். நம் சட்டசபையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது 30 பேரை. அதற்கு மேல் 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம். மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் ராஜினாமாக்கள் வரிசை கட்டியபின் ஆளும் தரப்பில் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர், எதிரே 14 பேர். அந்த 14-ல் மூவர் நியமன உறுப்பினர்கள். அவர்களைக் கழித்தால் எதிரே 11தான். முதல்வர் நாராயணசாமி பதவி விலகினார். ராஜினாமா செய்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மூவரின் பெயர் உங்களுக்கு அன்றைக்குத் தெரியுமா?

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2019-ல், அதே முதல்வர் கறுப்புச் சட்டையோடு துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்தாரே, மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளே இருந்தவர் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. சண்டையில் ஒன்று இலவச அரிசி: அரிசியாகக் கொடுப்பதா, வங்கிக் கணக்கில் பணமாகப் போடுவதா என்று. துணைநிலை ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமைச்சரவைக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும், அதாவது டெல்லிக்கு. 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் அப்படி. உங்கள் வீட்டு அரிசிப் பானைக்கும் ராஜ்நிவாஸுக்கும் சம்பந்தம் இருக்கிறது ஐயா.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி ஒவ்வொரு அலுவலகமும் தன் அதிகாரிகளின் பட்டியலை, அவர்களின் சம்பளம் உட்பட, தானாகவே வெளியிட்டிருக்க வேண்டும். பொதுத் தகவல் அலுவலர் யார் என்பதும் அதில் இருக்கும். உழவர்கரை நகராட்சிக்கே எழுதுங்கள். உங்கள் தெரு வாய்க்கால் எந்தப் பொறியாளரின் பொறுப்பு, கடைசியாக எப்போது தூர்வாரினார்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். பெரிய வாய்க்கால் என்றால் பொதுப்பணித்துறையைக் கைகாட்டுவார்கள். பரவாயில்லை, அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். வந்ததும் ஒரு நகல் நமக்கு அனுப்புங்கள், அதிகாரியின் பெயரோடு இதே பக்கத்தில் போடுகிறேன்.