பைக் கியர் பொக்ஸ் இறுகிவிட்டால் திருத்துவதா, இஞ்சினையே மாற்றுவதா?

தம்பி கேட்டிருப்பது இதுதான்: இறக்கத்தில் வரும்போது பைக் ரெண்டாவது கியரில் இறுகிவிட்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கராஜில் காட்டினால், "கழற்றித் திருத்துவது வீண் வேலை, வேறு இஞ்சின் ஒன்று போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது?

இஞ்சினை மாற்றாதீர்கள். உங்கள் கண் முன்னால் திறந்து, எது உடைந்திருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்க்கும்வரையாவது மாற்றாதீர்கள். இதே பேச்சை என்னிடமும் ஒரு கராஜில் பேசினார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. இறக்கம், ரெண்டாவது கியர் என்றதும் நம்ம மலையகப் பக்கம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். பைக் லீசிங்கில் எடுத்ததாக இருக்கும், தவணையும் முடிந்திருக்காது. டவுனுக்குப் போக, பிள்ளையை டியூஷனுக்கு விட, சாமான் ஏற்ற, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பைக்தான். அப்படி இல்லாவிட்டாலும் நான் சொல்வதில் பெரிதாக ஒன்றும் மாறாது.

முதலில் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். இஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுசாகப் பிடித்துக்கொண்டு பைக்கைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுற்றினால் பைக் ஏதோ ஒரு கியரில் மாட்டி நிற்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பெரும்பாலும் காரணம் கியர் போடும் தண்டு, அதன் ஸ்பிரிங், கியரை மாற்றுகிற உருளையான டிரம்மின் நுனியில் இருக்கும் ஸ்டார், இந்த மூன்றில் ஒன்று. அனேகமான பைக்குகளில் கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்தாலே இவை கைக்கு எட்டும், இஞ்சினை இறக்கவே வேண்டாம். மிதிக்கிற லீவரின் பல் தேய்ந்து, அது தண்டில் வெறுமனே வழுக்கிக்கொண்டிருந்தாலும் கியர் இறுகின மாதிரியேதான் தெரியும். அதற்கு ஒரு லீவர் வாங்கினால் போதும்.

கிளட்சைப் பிடித்தும் சக்கரம் அசையவில்லையா? பின் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்று பார்த்துவிட்டு, செயினைக் கழற்றுங்கள். செயின் தளர்ந்து, அது ஓடுகிற முன் பல்சக்கரமான ஸ்புரொக்கட்டுக்கும் இஞ்சினின் வெளிக்கூடான கேஸுக்கும் நடுவில் சிக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். செயினைக் கழற்றியபின் சக்கரம் இலகுவாகச் சுற்றி, கிளட்சைப் பிடித்தும் ஸ்புரொக்கட் மட்டும் அசையாமல் நின்றால் கோளாறு பெரும்பாலும் கியர் பொக்ஸுக்குள். அப்போதுதான் இஞ்சினைப் பிளக்கிற பேச்சே வர வேண்டும்.

இனி என் கதை. நான் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளைப் பக்கம். தோட்டத்து ஓரத்தில் கொஞ்சம் மரக்கறி போடுகிறேன், லீக்ஸும் கரட்டும். தோட்ட ரோட்டில் லொறி வந்து நிற்கும் இடம்வரைக்கும் மூட்டையை பைக்கில்தான் கொண்டுபோக வேண்டும். 150 சிசி இந்திய பைக், 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்துவதற்கு முன்னால் லீசிங்கில் எடுத்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கொடுத்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீட்டர் பெற்றோல் என்று வைத்தார்களே, அந்தக் காலத்தில் ரெண்டு நடையில் கொண்டுபோகிற மூட்டையை ஒரே நடையில் ஏற்ற வேண்டி வந்தது. வேறு வழி இல்லை, லீக்ஸ் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது. ஏற்றம் முழுக்க முதலாவதும் ரெண்டாவதும்தான். இறங்கும்போதும் அதே ரெண்டாவதில்தான் இஞ்சினைக் கொண்டு பிடிக்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பி அந்த ரோட்டில் இறங்க முடியாது. ஆக, பைக்கிலேயே அதிகம் தேய்ந்தது அந்த ரெண்டாவது கியர்.

அப்புறம் ஒரு நாள் காலை, மூட்டையோடு ஏறும்போது ரெண்டாவது "டக்" என்று கழன்றது. திரும்பப் போட்டேன். உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம், பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்தும் அசையவில்லை. மரக்கறி லொறியிலேயே பைக்கையும் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு கராஜில் ஸ்டாண்டில் போட்டு, லீவரை மேலும் கீழும் மிதித்துப் பார்த்தார்கள். செயினைக்கூடக் கழற்றவில்லை. "இஞ்சின் முடிந்தது அண்ணே. எக்ஸிடண்ட் ஆன பைக் ஒன்றின் இஞ்சின் நம்மகிட்ட இருக்கு, நாளைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம்" என்றார்கள். விலையும் சொன்னார்கள். இறக்குமதி நின்றுபோய், எல்லாரும் பழைய பைக்கையே கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. பழைய இஞ்சினுக்கும் ஏறின விலைதான். நான் ஒன்றும் பேசாமல் பைக்கை ராகலைக்குத் திருப்பினேன்.

ராகலையில் எனக்குத் தெரிந்த ஒரு பாஸ் (மெக்கானிக்) இருக்கிறார், சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் முதலில் செயினைக் கழற்றி, ஸ்புரொக்கட்டைக் கையால் ஆட்டினார். கொஞ்சம் அசைந்து நின்றது. பிறகு ஒயிலை ஒரு வெட்டின கேனில் இறக்கினார். கறுப்பு ஒயில், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மினுமினுப்பு. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒயிலுக்குள் விட்டு அடியைத் துழாவினார். முடி முடியாக இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதோடு வெட்டிய நகம் மாதிரி வளைந்த ஒரு துண்டு. அதைத் துடைத்து என் கையில் வைத்து, "மல்லி (தம்பி), இது சர்க்ளிப், கியரை நிறுத்தி வைக்கிற வளையம். இஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, கியர் வேலைதான்" என்றார்.

இஞ்சினை இறக்கிப் பிளந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கார்ட்போர்ட் மட்டையில் கேஸின் உருவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடமெல்லாம் ஓட்டை போட்டு, கழற்றின ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் ஓட்டையில் குத்தி வைத்தார். கேஸ் போல்ட்டுகள் ஒரே நீளம் கிடையாது. நீளமானதைக் கட்டையானது இருந்த இடத்தில் போட்டு இறுக்கினால் கேஸில் வெடிப்பு விழுந்துவிடும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போடுகிற கராஜ்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நடந்திருந்தது இது. கியரைத் தன் இடத்தில் நிறுத்துகிற சர்க்ளிப் காடியைவிட்டுக் கழன்று உடைந்திருந்தது. அதனால் கியர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. அதைத் தள்ளுகிற ஃபோர்க்கின் ஒரு நுனி தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு கியர் விடுபடும் முன்னாலேயே இன்னொரு கியரும் பிடித்துக்கொண்டது. ஒரே நேரத்தில் ரெண்டு கியர் பிடித்தால் தண்டு எந்தப் பக்கமும் சுற்ற முடியாது, சக்கரம் பூட்டிக்கொள்ளும். கியரின் பக்கத்தில் இருக்கிற கொளுவும் பற்களின் விளிம்பும் மழுங்கியிருந்தது, ரெண்டாவது கழன்று கழன்று விழுந்தது அதனால்தான். மற்றபடி கிராங் நன்றாக இருந்தது. கொனெக்டிங் ரொட்டை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம், ஆட்டம் இல்லை. சிலிண்டரில் ஒரு கீறல் இல்லை. இந்த இஞ்சினைத்தான் முடிந்தது என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

சாமான்களுக்குக் கொழும்பில் கடையில் நிற்கிற என் சித்தப்பா மகனைப் பிடித்தேன். பழைய கியரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பல்லையும் எண்ணிச் சொன்னோம். மொடல் ஒன்றாக இருந்தாலும் பல் கணக்கு மாறலாம் என்று பாஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவன் பஞ்சிகாவத்தையில், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற இடத்தில், தேடி எடுத்து, நுவரெலியா பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். ரெண்டாவது கியர் ஜோடியாகப் புதுசு, ஃபோர்க் ஒன்று, சர்க்ளிப்பும் வொஷரும் எல்லாமே புதுசு, கேஸ்கட் செட், ஒயில் சீல். கியரை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், தேய்ந்த பல்லோடு புதுப் பல்லை ஓடவிட்டால் புதுசும் சீக்கிரம் போய்விடும். கழற்றின சர்க்ளிப்பைத் திரும்பப் போடவே கூடாது. சில இடங்களில் அந்தச் சின்னக் காசை மிச்சம்பிடித்துவிட்டு, ரெண்டாம் தரம் இஞ்சினைப் பிளக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேஸை மூடின பிறகு, சிலிண்டரும் கிளட்சும் ஏறும் முன்னால், ஸ்புரொக்கட்டைக் கையால் சுற்றிக்கொண்டே டிரம்மைத் திருப்பி எல்லாக் கியரும் விழுந்து எழும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாஸ் நியூட்ரலிலிருந்து கடைசிக் கியர்வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எங்காவது இறுகினால் அப்போதே பிரித்துவிடலாம். எல்லாம் சேர்த்து, அந்தக் கராஜில் இஞ்சினுக்குக் கேட்ட காசில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை, பாஸின் கூலியும் அதற்குள்தான். கொஞ்ச தூரம் ஓடினதும் ஒயிலை மட்டும் ஒரு தரம் மாற்றினோம், மிச்சத் தூள் வெளியே போகட்டும் என்று. இன்றைக்கும் அதே பைக்தான், அதே மூட்டைதான்.

இனி பத்திரப் பக்கம். இதைக் கராஜில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் சீஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) சேஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் இருக்கும். இஞ்சின் நம்பர் குத்தியிருப்பது கேஸில். உள்ளே எந்தக் கியரை மாற்றினாலும் நம்பர் அப்படியே இருக்கும். இஞ்சினை மாற்றினாலோ, கேஸை மட்டும் மாற்றினாலோ நம்பர் போய்விடும். அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து திருத்த வேண்டும், அந்த இஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டவும் வேண்டும். பழைய பைக்கிலிருந்து கழற்றின இஞ்சினுக்கு யார் ஒழுங்கான பத்திரம் தருகிறார்கள்? களவு போன பைக்கின் இஞ்சினாக இருந்தால் பொலிஸில் முதலில் பதில் சொல்ல வேண்டி வருவது நீங்கள்தான். லீசிங் முடியாவிட்டால் சீஆரில் முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர்தான் இருக்கும், அவர்களிடமும் கேட்காமல் தொட முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் இஞ்சினை மாற்றிவிட்டு அப்படியே ஓட்டினார். விற்கப் போனபோது வாங்க வந்தவர் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மெக்கானிக் வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால் கோபப்படலாம். அவர்கள் பக்கமும் எனக்குத் தெரியும். இஞ்சினைப் பிளந்து மூடுவது நாள்கணக்கில் இழுக்கும், அந்தக் கூலியைக் கொடுக்க ஆட்கள் முணுமுணுப்பார்கள். இஞ்சினைத் தூக்கி மாட்டினால் அரை நாளில் முடியும், சல்லியும் கையில் வரும். கேஸ் வெடித்திருந்தால், பெயரிங் உட்காரும் இடம் தேய்ந்து பெரிதாகிப் போயிருந்தால், கிராங்கும் சிலிண்டரும் சேர்ந்து போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், நானும் அதையேதான் செய்வேன். கியர் கிடைக்காத பழைய ஜப்பான் பைக்காக இருந்தாலும் வேறு கதை. ஆனால் இதையெல்லாம் திறந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். திறக்காமலே சொல்கிறவரிடம் நான் பைக்கைக் கொடுக்க மாட்டேன்.

"இவ்வளவு பாரம் ஏற்றினால் கியர் உடையத்தானே செய்யும்" என்று சிலர் எழுதுவார்கள் என்பதும் தெரியும். அவர்கள் எங்கள் ரோட்டை வந்து பார்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்துக்கும் ஃபெக்டரிக்கும் போட்ட ரோடு. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு, ஃபெக்டரிக்கும் பங்களாவுக்கும் போகிற துண்டைத்தான் அவ்வப்போது பார்க்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போகிற துண்டை யாரும் தங்களுடையது என்று சொல்வதில்லை. பிரதேச சபையில் போய்க் கேட்டால் தோட்ட ரோடு எங்களுடையது இல்லை என்பார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்குச் சட்டமும் இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் காசைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அந்தச் சபைக்கு நாங்களும்தான் வோட்டுப் போட்டோம். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள், முப்பது வருஷத்துக்கும் மேலே. திருத்தின பிறகு எங்கள் பக்கம் ஒரு கொங்கிரீட் துண்டு வந்தது, அது கோயிலோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே இன்னும் கல்லும் சேறும்தான். எங்கள் பிள்ளைகள் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், வருத்தக்காரரையும் அதில்தான் கொண்டு இறக்குகிறோம். கியர் ஏன் உடைகிறது என்று எங்களைக் கேட்பதைவிட அந்த ரோட்டுக்குப் பொறுப்பானவர்களைக் கேட்கலாம்.

சரி தம்பி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கராஜில் இஞ்சினுக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். கிளட்சைப் பிடித்தால் சக்கரம் சுற்றுகிறதா, இறுகுவதற்கு முன்னால் ரெண்டாவது கழன்று கழன்று விழுந்ததா, ஒயிலை இறக்கினால் இரும்புத் துண்டு வருகிறதா, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். பைக் என்ன மொடல், எந்த வருஷம் என்பதையும் போடுங்கள். ராகலைப் பக்கம் கொண்டுவர முடிந்தால் பாஸிடம் நானே பேசிவிடுகிறேன்.