பாலே வகுப்பில் "சரியான தசையைப் பயன்படுத்து" என்கிறார்களே, அது எந்தத் தசை?

நீங்களும் என்னைப் போல முப்பதைத் தாண்டி பாலேவில் சேர்ந்தவர், சின்ன வயதில் பரதம் ஆடியவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது.

லண்டனில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஒன்பது வருடம் பரதத்தில் அரைமண்டி (முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் திருப்பி பாதி உட்காரும் நிலை) போட்ட திமிர் வேறு. முதல் நாளே ஃபர்ஸ்ட் பொசிஷனில், அதாவது குதிகால்கள் ஒட்டி விரல்கள் வெளிப்பக்கம் பார்க்க நிற்பதில், இரண்டு பாதமும் ஒரே கோட்டில், 180 டிகிரி. பக்கத்தில் நின்றவர் வாயைப் பிளந்தார். டீச்சர் மட்டும் என் உள்ளங்காலைக் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மூன்றாம் மாதம் முழங்காலின் உட்பக்கம் வலி. மாடிப்படி இறங்கவே முடியவில்லை.

அப்போதுதான் டீச்சர் சொன்னார்: "வீட்டில் வழுக்கும் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு அதே மாதிரி நின்று பாருங்கள்." சமையலறை டைல்ஸில் நின்றேன். பாதம் இரண்டும் தாமாகவே முன்பக்கம் நழுவி, 100 டிகிரி வாக்கில் வந்து நின்றன. என் இடுப்பு கொடுப்பது அவ்வளவுதான். மீதியை ஸ்டூடியோ தரையின் பிடிமானத்தில் முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி ஒப்பேற்றியிருக்கிறேன்.

சரி, தசைக்கு வருகிறேன். பெரிய பிட்டத் தசைக்கு அடியில், இடுப்பு மூட்டுக்குப் பின்னால் ஆறு சின்னத் தசைகள் உண்டு. தொடை எலும்பை வெளிப்பக்கம் சுழற்றுவது அவற்றின் வேலை. கண்ணாடியில் தெரியாது என்பதால் எல்லாரும் பிட்டத்தை இறுக்கிக்கொள்கிறோம். இறுக்கினால் ப்ளியேவில், அதாவது முழங்காலை மடக்கி, இறங்க முடியாது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க, மேல் முழங்காலை மட்டும் மெதுவாகத் திறந்து பாருங்கள். இடுப்பு பின்னால் சாயக்கூடாது. உட்காரும் எலும்புக்குப் பக்கத்தில் ஆழத்தில் ஒரு முறுக்கம் தெரியும். அதையே நின்றுகொண்டு கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. ப்ளியேவில் முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராக இறங்கினால் சரியாகச் செய்கிறீர்கள்.

காலை முன்னால் உயர்த்துவதிலும் இதே கதைதான். தொடையின் முன்தசையால் இழுத்தால் தொடை கல்லாகிவிடும். இடுப்புக்கு மேலே போக, முதுகெலும்பிலிருந்து தொடைக்கு வரும் சோவாஸ் தசை வேலை செய்ய வேண்டும்.

"எந்தத் தசையும் தனியாக வேலை செய்வதில்லை" என்று பிசியோ யாராவது வருவார். தெரியும் சார், நான் டாக்டர் இல்லை. எலும்பின் அமைப்பும் ஆளுக்கு ஆள் வேறு. பரதத்தை மட்டம் தட்டுவதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியே, ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா சொல்லி, அவர் குழுவில் ஆடிய க்ளியோ நோர்டியிடம் பாலே கற்றவர்தான். ஆனால் சின்ன வயதில் எனக்கு "உட்காரு, இன்னும் உட்காரு" என்று தட்டுக்கழியால் தொடையில் அடி விழுந்ததே தவிர, எங்கிருந்து திருப்புவது என்று யாரும் சொன்னதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வகுப்புப் பட்டியலில் "தோல் நிற டைட்ஸ்" என்று போட்டிருந்தது. கடையில் எடுத்துக் கொடுத்தது வெளிர் ரோஜா நிறம். யார் தோல் அது? கறுப்பினப் பெண்கள் எத்தனையோ காலம் விரல் நுனியில் நிற்க உதவும் பாயிண்ட் ஷூவில் தங்கள் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் பூசி ஆடியிருக்கிறார்கள். பாலே ஷூ செய்யும் ஃப்ரீட் நிறுவனம், கறுப்பின, ஆசியக் கலைஞர்களுக்கான லண்டன் பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து பழுப்பு ஷூ கொண்டுவந்ததே 2018-இல்தான். நம் நிறத்தில் டைட்ஸ் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்கு வந்து சேர மூன்று வாரம் ஆனது.