கப்பலில் ஏறும் பாக்கெட் கரையில் இறங்குமா?

சொகுசுக் கப்பலில் போகும்போது தின்பண்டம் எடுத்துப்போவது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒரு வாரக் கப்பல் பயணம். பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட் எடுத்துப்போகலாமா? வீட்டில் செய்ததையும் சீல் போட்டுக் கொண்டுபோனால் விடுவார்களா?

பதில்: கடையில் வாங்கியது, பிரிக்காதது, ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லாதது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் தடுப்பதில்லை. வீட்டில் செய்ததை விடமாட்டார்கள். வீட்டு மெஷினில் காற்றை உறிஞ்சி எவ்வளவு இறுக்கமாக சீல் போட்டாலும் அது வீட்டுப் பண்டம்தான். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகத் தங்கிச் சாப்பிடும் இடத்தில் நான்கு பேருக்கு வாந்தி, பேதி என்றாலே எது காரணம் என்று தேடியாக வேண்டும். தயாரிப்பாளர் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி எதுவும் இல்லாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கெட்டில், மின் அடுப்பு போன்ற சூடாக்கும் சாதனங்கள் வேண்டாம். தீ விபத்து பயத்தால் ஸ்கேனரில் பார்த்ததுமே எடுத்து வைத்துவிடுவார்கள். வெந்நீர் உணவுக்கூடத்திலேயே கிடைக்கும்.

கேள்வி: சீல் பிரிக்காத பாக்கெட்தானே? வழியில் வரும் துறைமுகங்களில் இறங்கும்போது பையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சீல் இருக்கிறதா என்பது கப்பல்காரரின் கேள்வி. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் சுங்க அதிகாரியின் கேள்வி. கப்பல் நான்கு நாடுகளில் நின்றால் நான்கு சட்டங்கள்.

இறைச்சிதான் முதல் சிக்கல். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது, ஆனால் பண்ணையையே காலிசெய்துவிடும். அதன் வைரஸ் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சியிலும் உறைந்த இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் நோய் உள்ள நாடுகளிலிருந்து பன்றி இறைச்சிப் பண்டம் கொண்டுவந்து பிடிபட்டால், தைவான் முதல் முறையே 2 லட்சம் தைவான் டாலர் அபராதம் விதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் வெளிநாட்டுப் பயணிகளின் இறைச்சி, பால் பண்டங்களை, மிகச் சில நாடுகள் நீங்கலாக, அனுமதிப்பதில்லை. நியூசிலாந்தில் தேன் கூடாது. தேனீ நோய்கள் அதன் வழியே வந்துவிடும். அரிசி, கொண்டைக்கடலை, விதைகள் விஷயத்தில் ஆஸ்திரேலியா கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம், தானியத்தைத் தின்று அழிக்கும் கப்ரா வண்டு. இதன் புழு தீனியே இல்லாமல் வருடக்கணக்கில் இடுக்கில் பதுங்கிக் கிடக்கும்.

நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நூடுல்ஸில் தவறே இருக்காது. உள்ளே இருக்கும் சின்ன மசாலாப் பொட்டலத்தில் கோழிக் கொழுப்பு, மாட்டிறைச்சிப் பொடி, முட்டைப் பொடி என்று இருக்கும். அமெரிக்காவில் சிக்குவது அந்தப் பொட்டலத்தால்தான். முன்பக்கப் படத்தை நம்பாமல், பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சில மணி நேரம் ஊர் சுற்ற இறங்குகிறீர்கள் என்றால் தண்ணீர் பாட்டில் போதும், மற்றதெல்லாம் கேபினிலேயே இருக்கட்டும். கப்பலில் காலைச் சாப்பாட்டின்போது பையில் போட்ட ஆப்பிளும் சாண்ட்விச்சும் இதில் சேர்த்தி. இறங்கும் இடத்தில் மோப்ப நாய் நிற்பதுண்டு.

கேள்வி: சுங்கப் படிவத்தில் 'உணவு இருக்கிறதா' என்பதற்கு 'ஆம்' போட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்களா?

பதில்: 'ஆம்' என்றே போடுங்கள். சாக்லேட், பிஸ்கட், மிட்டாய் மட்டும் இருந்தாலும், பிரித்துச் சாப்பிட்ட மீதி என்றாலும் அப்படித்தான். பொதுவாக ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். கூடாத பண்டமாக இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், உண்மையைச் சொன்னவருக்கு அபராதம் இருக்காது. மறைத்தால்தான் வினை. நியூசிலாந்தில் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர். அமெரிக்காவில் 10,000 டாலர் வரை போகலாம். ஆஸ்திரேலியாவில் அபராதத்தோடு விசாவே ரத்தாகலாம்.

உணவு முழுவதையும் ஒரே கண்ணாடிப் பையில் போட்டு சூட்கேஸில் மேலாக வையுங்கள். இடம் மிச்சம் பிடிக்க அட்டைப்பெட்டியைக் கிழித்தெறிந்து டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். லேபிள் இல்லாவிட்டால் அனுமதி உள்ள பண்டமும் குப்பைக்குத்தான் போகும். லேபிள் அந்த நாட்டுக்காரர் படிக்காத மொழியில் இருந்தால், என்ன பண்டம், எதனால் செய்தது என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டுங்கள். சந்தேகமாக இருக்கிறதா? கவுன்டருக்கு முன்பாகவே குப்பைத்தொட்டி வைத்திருப்பார்கள், அதில் போட்டுவிடலாம்.

கப்பல் பயணம் முடிந்து விமானத்தில் திரும்பும்போது அமெரிக்கா வழியாக வந்தால், அங்கே முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே சுங்கச் சோதனை முடிந்துவிடும். அடுத்த விமானம் வேறு நாட்டுக்கு என்றாலும் விலக்கு இல்லை.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் பால் பொடி எப்படி எடுத்துப்போவது?

பதில்: பயணம் முழுவதற்கும் தேவையானதோடு மூன்று நாளைக்குக் கூடுதலாக, சீல் பிரிக்காத டின்களாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தைக்குப் பழகிய பால் பொடி கப்பலில் கிடைக்கும் என்று நம்பிப் போகவேண்டாம். முதல் நாள் தேவைக்கு உள்ளது கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கும் சூட்கேஸ் கேபினுக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பால் பொடிக்கும் குழந்தை உணவுக்கும் ஆளுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. கடை பிராண்டாக, பிரிக்கும்வரை குளிர்பதனம் தேவைப்படாததாக இருக்கவேண்டும். பயன்பாட்டில் இருக்கும் டின் பிரித்திருந்தால் பரவாயில்லை.

கலக்கிய பாலை கேபின் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி கொடுக்காதீர்கள். பானத்தைச் சில்லென்று வைப்பதற்கான பெட்டிதான் அது. பல கப்பல்களில் 5 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலக்குங்கள்.

கேள்வி: ஒவ்வாமைக்காகத் தனி உணவு தேவைப்படுகிறது. முன்கூட்டியே சொல்லவேண்டுமா?

பதில்: ஆமாம். இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் இடத்தில் பையைச் சோதிப்பவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டலாம். ஆனால் சுங்கத்தில் அது செல்லாது. அங்கே டாக்டர் சீட்டு இருந்தாலும் படிவத்தில் 'ஆம்' போட்டே ஆகவேண்டும்.